என் குரலில் ஒரு பிழை

நான் கேட்ட கேள்விக்கு என் குரலே பதில் சொன்னதை முதன்முதலாகக் கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். தருமபுரியில் நான் வேலை பார்த்த கல்லூரியின் பொருளியல் துறை அறை. வெளியே நல்ல வெயில். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து தபாலில் திரும்பி வந்திருந்த காசெட்டை டேப்ரிக்கார்டரில் போட்டிருந்தேன்.

"விலை என்றால் என்ன? பத்து விநாடி தருகிறேன். யோசித்துச் சொல்லுங்கள்" என்றது என் குரல்.

அதற்குப் பிறகு பத்து விநாடிக்கு வெறும் இரைச்சல்தான் இருக்க வேண்டும். பதிவு செய்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணி அப்படித்தான் விட்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் அதே குரல், அதே நிதானம், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை நான் கொஞ்சம் தூக்கிச் சொல்வேனே, அந்தத் தூக்கலும் சேர்ந்து, விலைக்கு இலக்கணம் சொன்னது. மறுபடி டக். அடுத்த கேள்வியை நான் கேட்டேன்.

கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. நான் பதில் எதையும் பதிவு செய்யவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். பின்னால் ஓட்டிவிட்டு மறுபடி கேட்டேன். என் குரல்தான்.

இந்த இடைவெளி வைக்கும் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சேலத்தில் எம்.ஏ. முடித்த கையோடு தற்காலிக விரிவுரையாளராக வந்து சேர்ந்திருந்தேன். முதல் மாதம் எல்லாரையும் போலத்தான் பாடம் நடத்தினேன். முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் பேசிவிட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுங்க மேடம்" என்று அறுபது பேரும் ஒரே வாயாகச் சொல்வார்கள். பரீட்சை வைத்தால் ஒன்றுமே புரிந்திருக்காது. அந்தக் கேள்வியே ஒரு பொய் என்று எனக்குத் தோன்றிவிட்டது. புரியவில்லை என்று எழுந்து சொல்லும் தைரியம் இருக்கிறவனுக்குப் பாதி புரிந்திருக்கும். மீதிப் பேருக்குத் தங்களுக்குப் புரியவில்லை என்பதே புரிந்திருக்காது.

அதனால் "புரிஞ்சுதா"வை விட்டுவிட்டேன். கேள்வி கேட்பேன், பத்து விநாடி வாய் திறக்காமல் நிற்பேன். சொல்லச் சுலபம், நின்று பார்த்தால்தான் தெரியும். மூன்றாவது விநாடியிலேயே நாக்கு துடிக்கும். ஐந்தில் மின்விசிறியின் சத்தம் பெரிதாகும். ஏழில் அறுபது பேரும் கண் கொட்டாமல் என்னைப் பார்ப்பார்கள். எட்டு, ஒன்பதில் கதவு வழியாக யாரோ உள்ளே வந்து எனக்குப் பின்னால் நிற்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன். பத்தில், எதிர்பார்க்காத ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வரும். அது பெரும்பாலும் அதுவரை வாயே திறக்காத ஆளாக இருக்கும்.

எங்கள் துறைத்தலைவர் ஒருநாள் வராந்தாவில் போகிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் கேட்டார்: "ஏம்மா, உள்ள யாராச்சும் தவறிட்டாங்களா? மவுன அஞ்சலி மாதிரி நிக்கிறீங்க?"

"யோசிக்க விடறேன் சார்."

"அவனுங்கள யோசிக்க விட்டா யாருக்கும்மா ஆபத்து? நமக்குத்தான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையும் என் தலையில்தான் விழுந்தது. அஞ்சல் வழியில் பி.ஏ. படிப்பவர்களுக்கு எங்கள் கல்லூரியில் மாதம் இரண்டு ஞாயிறு நேர்முக வகுப்பு நடக்கும். ஞாயிறை இழக்க யாருக்கும் மனம் இல்லை, நான் புதிது, அதனால் நான். பட்டியலில் ஒன்பது பேர். வருவது மூன்று பேர். மற்ற ஆறு பேருக்கும் வேலை, குழந்தை, பஸ் என்று ஆளுக்கொரு தடை. பழுப்பு உறையில் அச்சடித்த பாடம் அவர்கள் வீட்டுக்குப் போகும். விடைத்தாள் எழுதி அனுப்புவார்கள். அதைத் திருத்த உட்கார்ந்தால், அச்சுப் பிழை முதற்கொண்டு புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதியிருப்பார்கள். எதிரில் ஆள் இல்லாத இடத்தில் பாடம் நடத்துவது எப்படி என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

ஆங்கிலத் துறையில் ஒரு டேப்ரிக்கார்டர் துணி போர்த்திக் கிடந்தது. கெஞ்சி வாங்கினேன். ஞாயிறு வகுப்பு முடிந்து மூன்று பேரும் போன பிறகு, காலிப் பெஞ்சுகளைப் பார்த்தபடி நின்று பேசிப் பதிவு செய்தேன். கேள்வி, பத்து விநாடி இடைவெளி, மறுபடி கேள்வி. "இந்த இடைவெளி வரும்போது சிவப்புப் பொத்தானை அழுத்தி உங்கள் பதிலைச் சொல்லுங்கள். முடித்ததும் எனக்கே திருப்பி அனுப்புங்கள்" என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தேன். காலி அறையில் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது. வகுப்பு எடுக்கிற பழக்கத்தில் ஓரிடத்தில், "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பெஞ்சுகளைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு அருகில் சினிமாப் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் ஆறு பிரதி போட்டேன். "மேடம், நடுநடுவுல சத்தமே வரலீங்க. டேப்பு போச்சுன்னு நெனச்சேன்" என்றார் கடைக்காரர்.

"அதுதாங்க பாடமே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஒரு மாதத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஐந்து பேர் பொத்தானை அழுத்தியிருந்தார்கள், பேசத்தான் கூச்சம். ஒன்றின் இடைவெளியில் மாடு கத்தியது. ஒன்றில் குக்கர் விசில். இன்னொன்றில் ஒரு பெரியம்மா, "அந்தப் பொட்டிய அமத்திட்டு வந்து துணியப் புழிடி" என்றார். எல்லாரும் இடைவெளியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆறாவதாக வந்ததுதான் அந்தச் சனிக்கிழமைக் காசெட்.

சோற்றை மூடி வைத்துவிட்டுத் தொடர்ந்து கேட்டேன். போகப் போக இன்னும் விநோதமாக இருந்தது. ஓரிடத்தில் அந்தக் குரல் பதில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் நான் கேள்வி கேட்டேன். நான் கேட்டு முடித்த இடத்தில் வெறும் இரைச்சல், பதில்தான் முன்பே வந்துவிட்டதே என்பதுபோல. இன்னோரிடத்தில் பதில் நீண்டு போய் என் அடுத்த வாக்கியத்தின் முன்பாதியை அழித்திருந்தது. அந்தக் குரல் தொடங்கிய வாக்கியத்தை நான் முடித்தேன். எந்தச் சொல்லில் அது போய் நான் வந்தேன் என்று மூன்று தரம் ஓட்டிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இரண்டாவது பக்கத்தைப் போட்டேன். அதில்தான் தேவை விதியும் அளிப்பு விதியும் இருந்தன. பொருளியல் படிக்காதவர்களுக்கு: ஒரு பொருளின் விலை ஏறினால் அதை வாங்குகிறவர்கள் வாங்கும் அளவு குறையும், அது தேவை விதி. விலை ஏறினால் விற்கிறவர்கள் கொண்டுவரும் அளவு கூடும். அது அளிப்பு விதி. பாதிப் பொருளியல் இந்த இரண்டின்மேல்தான் நிற்கிறது. புத்தகத்தில் ஏதோ வெளிநாட்டு உதாரணம் இருந்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டைச் சொன்னேன். விலை ஏறின செய்தி வந்ததும் டிராக்டரும் வண்டியும் எப்படி வரிசை கட்டுகின்றன என்று உற்சாகமாக விவரித்தேன். முடிவில், "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கள்."

டக்.

நாற்பது ஐம்பது குழந்தைகள் ஒன்றாகச் சொன்னார்கள். "வி...லை ஏ...றினால் அள...வும் ஏ...றும். இது...தான்... தே...வை விதி."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன். குழந்தைகளின் குரல், ஆனால் குழந்தைகள் பேசுகிற வேகம் இல்லை. கிணற்றின் அடியிலிருந்து இழுத்து இழுத்துச் சொல்வதுபோல இருந்தது. டேப்பு சிக்கி ஓடுகிறதோ என்று பார்த்தால், அதற்கு அடுத்து வந்த என் குரல் சரியான வேகத்தில்தான் இருந்தது. அவர்கள் மட்டும்தான் அப்படி.

துறைத்தலைவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். மறுபடி போட்டுக் காட்டினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, "நல்லதும்மா. உசுரோட இருக்கிறவங்கதான் படிக்க மாட்டேங்கிறாங்க. இவங்களாச்சும் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை போட வெளியே போனார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குழந்தைகள் சொன்னது தப்பு.

விலை ஏறினால் அளவும் ஏறும் என்பது அளிப்பு விதி. அதைத் தேவை விதி என்கிறார்கள். அவசரமாகப் பின்னால் ஓட்டி என் குரலைக் கேட்டேன். "இதுதான்" என்று சொல்லி, ஒரு சின்ன மூச்சு எடுத்து, கடைசிச் சொல்லைத் தூக்கி, மிகத் தெளிவாக, "தேவை விதி" என்று நான்தான் சொல்லியிருந்தேன். பதிவு செய்தபோது கேட்டேன், கடையில் பிரதி போட்டபோது கேட்டேன். என் வாயில் கேட்டபோதெல்லாம் சரியாகவே இருந்தது.

காசெட் உறைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. அனுப்பியவர் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். "இந்தத் தாள் ஒன்றுதான் எனக்குப் பாக்கி. இரண்டு முறை தவறிவிட்டது. அடுத்த வருடம் பாடத்திட்டம் மாறுகிறதாம். இப்போது தேறாவிட்டால் மூன்று வருடப் படிப்பும் முதலிலிருந்து. அது என்னால் ஆகாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உங்கள் காசெட்டை மட்டுமே நம்பியிருக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

பரீட்சை அடுத்த புதன்கிழமை.

மறுநாள் ஞாயிறு வகுப்புக்கு வழக்கமான மூன்று பேரும் வந்தார்கள். அவர்களுக்கு நான் காசெட் கொடுக்கவில்லை, அதனால் இந்தப் பிழை அவர்களைத் தொடவில்லை என்று நம்பிக் கேட்டேன்: "தேவை விதி என்ன சொல்லுது?"

மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னார்கள். "விலை ஏறினால் அளவும் ஏறும். இதுதான்," ஒரு சின்ன மூச்சு, "தேவை விதி." கடைசிச் சொல்லில் தூக்கல். மூன்று ஆண்களின் வாயில் என் மூச்சு.

"உங்களுக்குக் காசெட் எப்படிக் கிடைச்சுது?"

பாலக்கோட்டிலிருந்து வருகிறவர், தக்காளி போடுகிற குடும்பத்துப் பிள்ளை, பெருமையாகச் சிரித்தார். "எங்க மாமன் பொண்ணுக்கு அனுப்பிச்சிருந்தீங்களே மேடம். அருமையா இருந்துச்சுங்க. பஸ் ஸ்டாண்டு கடையில நாலஞ்சு காப்பி போட்டு சிநேகிதக்காரங்களுக்கெல்லாம் குடுத்துட்டனுங்க. அரூர்ல ஒருத்தன், பென்னாகரத்துல ஒருத்தன்..."

"அவங்க?"

"அவங்க யார் யாருக்குக் குடுத்தாங்களோ."

"அதுல ஒரு தப்பு இருக்குதுங்க. நான் தப்பா சொல்லிட்டேன். நீங்க சொன்னது அளிப்பு விதி, விக்கிறவங்க பக்கம். தேவைன்னா வாங்குறவங்க பக்கம்."

"எங்கங்க தப்பு? வெல ஏறுனா எங்கப்பா ஒரு கூடை ஏத்தற எடத்துல பத்துக் கூடை ஏத்துவாரு. தேவ இருக்குது, ஏத்துறாரு."

"வாங்குறவங்கள நெனைச்சுப் பாருங்க."

"தக்காளிய வெலைக்கு வாங்கித் திங்கறவன் எங்கூர்ல யாருங்க மேடம்? வெல எறங்கிப் போச்சுன்னா ரோட்டோரமா கொட்டிட்டு வந்துருவோம். வேணுங்கறவன் பொறுக்கிக்குவான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வாய் தவறியது ஒரு விநாடி. ஆனால் அந்தத் தவறு விழுந்த மண் அப்படி. வேறெங்காவது சொல்லியிருந்தால் முதல் ஆளே நிறுத்தியிருப்பான். சந்தைக்குக் கொண்டுபோவதை மட்டுமே தெரிந்த ஊர்களில், தேவை என்றால் விற்கிறவனின் தேவைதான். அவர்களுக்குத் தெரிந்த உண்மைக்கு நான் தப்பான பெயரை ஒட்டியிருந்தேன், அது அப்படியே பிடித்துக்கொண்டது. நான் சேலத்தில் தக்காளி வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்தவள். விலை ஏறினால் எங்கள் வீட்டு ரசத்தில் தக்காளியைத் தேட வேண்டும். அந்த உதாரணத்தை ஏன் சொல்லாமல் போனேன்? உள்ளூர் உதாரணம் சொல்கிறேன் என்ற கர்வம்தான்.

இரண்டு மணி நேரம் போராடி அந்த மூன்று பேரையும் திருத்தினேன். கடிதம் போட்டால் புதன்கிழமைக்குள் போய்ச் சேராது. மற்ற ஐந்து பேருக்குப் புத்தகமாவது துணை, சத்துணவு அமைப்பாளருக்கு அதுவும் இல்லை. திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கம்பைநல்லூர் பஸ் ஏறினேன். அங்கே இறங்கி, கடித முகவரியைக் காட்டி வழி கேட்டு, சோளக்காட்டு ஓரமாக அரை மணி நடந்தேன். உச்சி வெயில். வழியில் ஆள் இல்லை. பள்ளியின் ஓட்டுக் கூரை தெரிந்தபோது யாரோ பேசுவது கேட்டது. இன்னும் பத்தடி போனதும் நின்றுவிட்டேன். பேசிக்கொண்டிருந்தது நான்.

என் குரல்தான், ஆனால் என்னைவிட முதியதாக, கனத்து, ஒவ்வொரு சொல்லையும் தரையில் இழுத்துக்கொண்டு வந்தது. "எங்...கே, எல்...லாரும் சேர்ந்...து சொல்...லுங்கள்." அதே இழுவையில் குழந்தைகள் சொன்னார்கள். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வரிசையாகத் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. ஜன்னல் மேடையில் டேப்ரிக்கார்டர். மின்சாரம் இல்லாத கட்டிடம், பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகள் பாடத்தை அந்தத் தீர்ந்த பேட்டரியின் வேகத்திலேயே கற்றிருந்தார்கள். காரணம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கையில் எழுந்த மயிர் அடங்கவில்லை.

இடுப்பில் சாவிக்கொத்தோடு முப்பது வயதுக்குமேல் மதிக்கத்தக்க ஒரு பெண் வெளியே வந்தார். நான் யார் என்று சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, "வாருங்கள் மேடம். உட்காருங்கள். தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறேன்" என்றார்.

கடைசிச் சொல்லில் தூக்கல். என் எதிரில் நின்று, என் குரலில் என்னை வரவேற்றார்.

அடுப்பருகில் இருந்த சமையல்கார அம்மா சிரித்தார். "ஒரு மாசமா இப்படித்தானுங்க. கொழம்புக்கு உப்பு பத்தலேன்னு சொல்றதுகூட ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரி இருக்குது. பயமாக்கூட இருக்குதுங்க சில நேரம்."

"என் குரலில் சொன்னால் மறந்துபோகிறது மேடம். உங்களைப் போலச் சொன்னால்தான் வருகிறது. அனுப்புவதற்கு முன்னால் ஒரு பிரதி போட்டு வைத்துக்கொண்டேன். பதிலைப் பதியும்போது மட்டும் புதுப் பேட்டரி போட்டேன். பிள்ளைகளும் சோறு வரும்வரை சத்தம் போடாமல் கேட்பார்கள்" என்றார் அவர்.

வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியது. "நீங்கள் சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான். அது தப்பு."

சரியானதைச் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டினார். திருப்பிச் சொன்னார், சரியாகவே. தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டேன். "விலை ஏறினால் அளவும் ஏறும். இதுதான்," மூச்சு, "தேவை விதி." சொல்லி முடித்துத்தான் என்ன சொன்னோம் என்று தெரிந்து கண்ணை விரித்தார். மறுபடி சொல்லிக் கொடுத்தேன். மறுபடி அதுவே வந்தது. மூன்றாம் முறை, "குறையும்" என்று சொல்ல வாயெடுத்தவர், நடுவில் யாரோ வாயைப் பிடுங்கிக்கொண்டதுபோல "ஏறும்" என்றார். நான் அவருக்கு எதிராகவே அவருக்குள் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு உரக்கச் சரியாகச் சொன்னாலும், வெளியே இருக்கும் என்னைவிட உள்ளே இருக்கும் நான் முந்திக்கொண்டேன்.

இனிமேல் நான் ஒரு வார்த்தை சொல்வதும் ஆபத்து என்று புரிந்தது. அவரிடம் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். சுற்றிப் பார்த்தேன். சட்டியில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"இந்தச் சாம்பாருக்குத் தக்காளி யாருங்க வாங்குறாங்க?"

"நான்தான் மேடம்."

"போன மாசம் தக்காளி வெல தாறுமாறா ஏறுச்சே. அப்ப என்ன பண்ணுனீங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மூன்று, நான்கு. அடுப்பில் கட்டை வெடித்தது. ஏழு. வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எட்டு, ஒன்பது. அவர் உதடு எதையோ தேடி அசைந்தது. இந்த நிலைமைக்கு என் காசெட்டில் வாக்கியம் எதுவும் இல்லை.

"அதையேங்க கேக்கறீங்க? வெல ஏறிப்போச்சுன்னா யாருங்க வாங்குவா? பாதியா கொறச்சிப்போட்டுப் புளியக் கரைச்சி ஊத்திருவனுங்க. இதுங்களுக்கென்னா தெரியவா போவுது?"

அது வேறொரு குரல். தடிப்பான, வேகமான, மேலே தூக்காமல் கீழே இறங்கி முடிகிற குரல். ஒரு மாதம் ஒரே காசெட்டில் அவரோடு இருந்திருக்கிறேன். அவருடைய குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன். சமையல்கார அம்மா, "அப்பாடி, வந்துட்டீங்களா டீச்சர்" என்றார்.

"வெல ஏறுனா நீங்க வாங்குற அளவு?"

"கொறயும்ங்க."

"அதுக்குப் பேருதாங்க தேவை விதி."

அவர் என்னைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். "இத்தினியூண்டு சமாச்சாரமா? இதத்தானுங்களா நான் ரெண்டு தடவ எழுதத் தெரியாம உட்டுட்டு வந்தேன்?" சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னால் ஒரு பொடியன், கேட்காமலே, இழுத்து இழுத்து ஆரம்பித்தான்: "வி...லை ஏ...றினால்..."

"டேய், சும்மா கெட!" என்று அதட்டிவிட்டு, அவரே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். காசெட் ஓடியது. பக்கம் முழுவதும் அழியும்வரை, என் பாடம் இருந்த இடத்தில், பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற சத்தம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"பரீட்சையில அந்தக் கொரலு வந்துருச்சுன்னா என்னங்க பண்றது?" என்று பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டார்.

"வந்தா வரட்டும். அது சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க. அப்புறமா நீங்க சொல்லுங்க" என்றேன்.

புதன்கிழமை. எங்கள் கல்லூரியே தேர்வு மையம். ஆள் பற்றாக்குறையால் கண்காணிக்க என்னையும் போட்டிருந்தார்கள். பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் முன்பின் பார்த்திராத முகங்கள். கேள்வித்தாளைக் கொடுத்தபோதே பார்த்துவிட்டேன். தேவை விதியை எடுத்துக்காட்டுடன் விளக்குக. மண்டபத்துக்குள் நான் வாய் திறக்கக் கூடாது.

சத்துணவு அமைப்பாளர் மூன்றாவது வரிசையில் இருந்தார். ஒரு மணி நேரம் வேகமாக எழுதினார். அப்புறம் ஒரு வரி எழுதினார், நிறுத்தினார். பேனா தாளுக்கு மேலேயே நின்றது. உதடு மட்டும் அசைந்தது. எது பேசிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருபது விநாடி, ஐம்பது, நூறு. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடப் போகிறதே என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது உதடு நின்றிருந்தது. பேனா ஒரு நீண்ட கோடு இழுத்தது. அப்புறம் அவர் தலையே நிமிரவில்லை.

தாள் வாங்கும்போது எண் சரிபார்க்க வேண்டும், அந்தச் சாக்கில் பார்த்தேன். என் வாக்கியம் முழுசாக எழுதப்பட்டு, குறுக்கே ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. அதன் கீழே இரண்டு பக்கத்துக்குத் தேவை விதி. சாம்பாரும் புளியும் உட்பட எல்லாம் அவருடைய சொந்த வார்த்தையில் இருந்தது. ஆடி மாதத்தில் முடிவு வந்தது, தேறிவிட்டார்.

அந்த மண்டபத்தில் இன்னொன்றும் நடந்தது. நேரம் முடிந்ததும் நான் அன்று முதன்முதலாக உரக்கப் பேசினேன்: "நேரமாகிவிட்டது. எழுதுவதை நிறுத்துங்கள்."

எல்லாரும் தாளைக் கட்டத் தொடங்கினார்கள். வெவ்வேறு வரிசைகளிலிருந்து நான்கு தலைகள் மட்டும் சட்டென்று நிமிர்ந்தன. நான்கு பேரையும் நான் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்க்காமல் முதலில் என் வாயைப் பார்த்தார்கள். பிறகு, நெடுநாள் பழகினவரைக் கூட்டத்தில் கண்டதுபோல நான்கு பேரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பையன் தாளை நீட்டி, "நீங்கதானுங்களா மேடம்? உங்களாலதான் எழுதினேன்" என்றான்.

அவன் தாளில் அந்த வாக்கியம் நீல மையில் அழகான கையெழுத்தில் இருந்தது. அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருந்தான். எண்ணைச் சரிபார்த்து மற்ற தாள்களோடு அடுக்கினேன். கட்டுக்குச் சணல் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.